மூன்றாவது கார்பன்

மேனேஜர் சார், மோட்டார் எரிந்த அன்று அந்தத் தேய்ந்த கார்பன் துண்டை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். நான் பார்த்தேன். நான் பார்ப்பதை நீங்களும் பார்த்தீர்கள்.

பிறகு வெளியே போய், பச்சையம்மா ஈர உப்பைக் கொட்டி மோட்டாரை எரித்துவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். பொய்! அந்தப் பொய்க்கு ஆமாம் போட்டவன் நான்.

மோட்டார் எரிந்தது என்னால். அவளால் இல்லை. மூன்று வருஷமாக இதை மறைத்தேன்.

எழுதிவிட்டேன். இனி, இதைப் படிக்கிற உங்களிடம் பேசுகிறேன். மேனேஜரிடம் கடைசியில் வருகிறேன்.

எனக்கு நயமாக எழுத வராது. மரக்காணத்தில் ஓர் உப்பு அரவை மில்லில் எலக்ட்ரீஷியன் நான். உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பை அங்கே தூளாக்கி மூட்டை கட்டுவோம். அரவையை ஓட்டுவது ஒரே ஒரு பெரிய மோட்டார். அதன் ஒரு முனையில் மூன்று பித்தளை வளையங்கள் சுற்றும். வளையத்துக்கு ஒன்றாக மூன்று கார்பன் கட்டைகள், ஸ்பிரிங் அழுத்த, அவற்றின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். கரண்ட் அந்தக் கரி வழியாகத்தான் போகிறது. உரசினால் தேயும். புதிதில் கட்டைவிரல் நீளம் இருக்கும். மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் கரி தீர்ந்து, அதற்குள் இருக்கும் செம்புக் கம்பி வளையத்தைக் கீறும். நெருப்புப் பறக்கும். மோட்டார் போய்விடும்.

அவ்வளவுதான் விஷயம். கரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் என் வேலை.

அதை நான் காதால் தெரிந்துகொண்டேன்.

ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டாரின் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைப்பேன். கார்பன் நன்றாக இருந்தால் பட்டுப் புடவை உரசுவதைப்போல ஒரே சீராகக் கேட்கும். தேயத் தேய ஸ்பிரிங் தளரும், கட்டை துள்ளும், சத்தத்தில் ஒரு கடகடப்பு ஏறும். அதைக் கேட்டு, இன்னும் பத்து நாள், இன்னும் எட்டு நாள் என்று சொல்வேன். சொன்ன நாளில் திறந்து பார்த்தால் கரி சரியாக அந்த அளவில் இருக்கும். ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை அது.

மில்லில் என் பெயரே போய்விட்டது. 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை தூக்கும் ஒருவன், "காதுக்காரரே, எம் பொண்டாட்டி வயித்துல அந்த ஸ்க்ரூ டிரைவர வச்சு ஆணா பொண்ணான்னு சொல்லேன்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். வெளியூரிலிருந்து உப்பு வாங்க வியாபாரிகள் வந்தால், மேனேஜர் என்னை அழைத்து மோட்டாரில் காது வைக்கச் சொல்லி வேடிக்கை காட்டுவார். நானும் காட்டினேன். எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு காது போயிற்று.

அரவைப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் நின்றவனுக்கு வேறென்ன ஆகும்? முதலில் ஒரு ரீங்காரம் வந்தது. பிறகு வலது காதில் ஒன்றுமே இல்லை. டீக்கடை ரேடியோவுக்குப் பக்கத்தில் வலப்புறமாக உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி வாய் திறக்காததுபோல் இருந்தது. இடது காதில் ஆள் பேசினால் கேட்கும். மோட்டாருக்குள் கரி உரசுகிற சத்தமெல்லாம் அதற்கு எட்டாது.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. காது கேட்காத காதுக்காரனுக்கு மில்லில் என்ன வேலை?

நீங்கள் கேட்பீர்கள், மூடியைத் திறந்து கண்ணால் பார்த்திருக்கலாமே என்று. பார்த்திருக்கலாம்! எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது. கரண்ட் கட் கடுமையாக இருந்த காலம். தினமும் மணிக்கணக்கில் மில் சும்மா கிடந்தது. அரவையை நிறுத்தவே வேண்டாம். இரண்டு ஸ்க்ரூ. பத்து நிமிஷம். ஆனால் திறந்தால், "என்னா காதுக்காரரே, தொறந்து பாக்குறீங்க?" என்று ஒருவன் கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன்...

எனவே ஸ்க்ரூ டிரைவரை வைப்பேன், கண்ணை மூடுவேன், கேட்பதுபோல் தலையை ஆட்டுவேன். முன்பு எத்தனை நாள் ஓடியதோ அதை வைத்து ஒரு கணக்கைச் சொல்வேன். சில மாதம் அது பலித்தது. பலிக்கப் பலிக்க எனக்குத் திமிர் ஏறியது.

மழைக்கு முந்தின மாதம். அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்து கிடந்தது. மழைக்குள் அரைத்து அனுப்பியாக வேண்டும். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் மோட்டார் மூச்சு விடாமல் ஓடியது. இப்படி ஓடினால் கரி இரண்டு மடங்கு வேகத்தில் தேயும். உப்புக் காற்று வேறு, வளையத்தைச் சொரசொரப்பாக்கும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், வியாபாரிகள் முன்னால் வலது காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, "இன்னும் பதினஞ்சு நாள் தாராளமா ஓடும் சார்" என்றேன். எதுவும் கேட்காத காதில் வைத்துச் சொன்னேன்!

ஐந்தாம் நாள் பச்சையம்மா வந்தாள். அரவைத் தொட்டியில் கூடை கூடையாக உப்பைக் கொட்டுகிறவள் அவள். மோட்டார் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நாள் முழுக்க அந்தச் சத்தத்திலேயே நின்றவள்.

"மேஸ்திரி, சத்தம் வேற மாதிரி இருக்குது. நேத்துலேருந்து உள்ள எதுவோ சொரண்டுற மாதிரி."

"நீ உப்பக் கொட்டு. மோட்டார் சத்தத்த உன்னயா கேட்டாங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். காதுக்காரர் வேலைக்கு ஆள் வந்தாச்சு என்று ஒருவன் சொன்னான். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கேட்டது சரி. நூற்றுக்கு நூறு சரி. நான் இழந்த காது அவளிடம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இதோடு நின்றிருந்தால், தெரியாமல் நடந்த தவறு என்று நீங்கள் என்னை விட்டுவிடலாம். விடாதீர்கள்.

மறுநாள் காலை மோட்டாருக்கு அடியில் கறுப்புப் பொடி கிடந்தது. மில் தரை முழுக்க வெள்ளை. அதில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு! கரி மளமளவென்று தேய்ந்து கொட்டுகிறது என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்க்கக் காது வேண்டாம். கண் போதும். எனக்குக் கண் இருந்தது. பார்த்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, செருப்புக் காலால் உப்புத் தூளைத் தள்ளி அதை மூடினேன்.

பதினைந்து நாள் என்று சொல்லி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. என் வாக்கு பொய்த்துவிடக் கூடாது. ஒரு மோட்டாரைவிட, ஒரு மில்லைவிட எனக்கு அது பெரிதாகப் போயிற்று.

அன்று மதியமே மோட்டார் உறுமியது. வேகம் விழுந்தது. தொட்டியில் உப்பு அடைத்துக்கொண்டது. மூடியின் இடுக்கில் நீல நெருப்பு. பிறகு புகை. நான் ஓடிப் போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நானும் மேனேஜரும் மட்டும் இருந்து மூடியைத் திறந்தோம். மூன்று கார்பனும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. பித்தளை வளையத்தில் கத்தியால் கோடு போட்டதுபோல் கீறல். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மேலும் தப்பு இருந்தது. மாற்றுக் கார்பன் வாங்கி ஸ்டோரில் வைக்க வேண்டியது அவர் பொறுப்பு. அவர் வைக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மற்ற இரண்டையும் நான் எடுத்துக்கொண்டேன்.

மில் வாசலில் எல்லோரும் நின்றார்கள். ஈர உப்பைக் கொட்டியதால் அரவை இறுகி மோட்டார் எரிந்துவிட்டது என்று மேனேஜர் சொன்னார். பச்சையம்மா அழவில்லை. காய்ந்த உப்பைத்தான் கொட்டினேன் என்றாள். சத்தம் மாறியதை நேற்றே மேஸ்திரியிடம் சொன்னேன், அவரையே கேளுங்கள் என்றாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட எதுனா சொன்னாளா?"

"இல்ல சார்."

இரண்டே வார்த்தை. முந்தின நாள் சிரித்தவர்கள் அங்கேதான் நின்றார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அன்றே அவள் வேலை போயிற்று. மோட்டாரைத் திண்டிவனத்துக்கு ஏற்றிப் போய்ச் சரி செய்து கொண்டு வருவதற்குள் மழை வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவளைத்தான் ஏசினார்கள். வேறெந்த மில்லும் அவளைச் சேர்க்கவில்லை. உப்பளத்தில் வாரப் போனாலும், 'மோட்டார எரிச்சவ' என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் நின்றது.

எனக்குக் 'காதுக்காரர்' அப்படியே இருந்தது.

நான் திருந்தினேன். தென்னை ஈர்க்கு ஒன்றை வெட்டி, அதில் ஒரு வெட்டுக்குறி போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மெயினை அணைத்து, மூடியைத் திறந்து, கார்பனின் தலைமேல் ஈர்க்கை இறக்குவேன். குறி உள்ளே மறைந்தால் கரியை மாற்றிவிடுவேன். யார் என்ன கேட்டாலும் சரி. மூன்று வருஷமாக என் மோட்டார் ஒருநாள்கூட நின்றதில்லை. இந்த வட்டாரத்தில் கார்பன் பார்ப்பதில் என்னை மிஞ்சியவன் இல்லை. துணிந்து சொல்வேன்!

அதனால் என்ன? அவள் பெயரில் ஒட்டிய கரி ஒரு நூல்கூடத் தேயவில்லையே...

போன மாதம் மறுபடியும் வியாபாரிகள் வந்தார்கள். மேனேஜர் பழைய கதையை எடுத்தார். இங்கே ஒருத்தி இருந்தாள், உப்பைக் கொட்டியே மோட்டாரை எரித்தாள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். என் வாயும் சிரித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

பெருமுக்கல் பக்கம் சாலையோரம் பச்சையம்மா ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தாள். முக்காட்டுத் துணிமேல் கல்தூள் படிந்திருந்தது. அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காது போனது, கறுப்புப் பொடியை மூடியது, எல்லாம். சுத்தியலை நிறுத்தாமல் கேட்டாள்.

"இதச் சொல்லத்தான் பஸ்சேறி வந்தீங்களா?"

"ஆமா."

"உங்களுக்குக் காது கேக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும் மேஸ்திரி. சோத்தாங்கை பக்கம் நின்னு கூப்ட்டா திரும்ப மாட்டீங்க. பீச்சாங்கை பக்கம் வந்தா திரும்புவீங்க. மாசக்கணக்கா பாத்துக்கினுதான் இருந்தேன்."

அப்படியானால் மேனேஜர் கேட்ட அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்க வேல பூடும். ரெண்டு பொண்ண வச்சிக்கினு இன்னா பண்ணுவீங்கன்னு நெனச்சேன்." ஒரு கல்லை இரண்டாகப் பிளந்தாள். "நீங்க என்னப் பத்தி அப்படி நெனைக்கல."

மன்னித்துவிடு என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

"எங்காதுல வந்து சொன்னா எனக்கு மட்டுந்தான் கேக்கும். மில்லு வாசல்ல வச்சு சொன்னீங்க இல்ல? அங்கயே போய்ச் சொல்லுங்க. எட்டிப் போங்க, சில்லு தெறிக்கும்."

எட்டிப் போனேன். மன்னிப்புக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போன என்னை என்னவென்று சொல்வது? இன்னும் அந்தச் சுத்தியல் அடி கேட்கிறது... செத்த காதிலும்!

இனி மேனேஜர் சார், உங்களிடம் வருகிறேன்.

ஈர உப்பு என்றால் பெல்ட் வழுக்கும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும். கார்பன் நகக்கண் அளவுக்குத் தேயாது. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பையில் போட்டீர்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து எல்லோரும் வெளியேறும் நேரத்தில், மில் வாசலில் நிற்பேன். அவள் வருவாளா தெரியாது. வராவிட்டாலும் நிற்பேன். அன்று அவள் என்னிடம் சொன்னாள், நான் இல்லை என்று பொய் சொன்னேன் என்பதை முதலில் சொல்வேன். என் வேலையை நீங்கள் பறிக்கலாம். பறித்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாக என் சுண்ணாம்பு டப்பாவில் கிடக்கிற இரண்டு கார்பன் துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன்.

மூன்றாவது எங்கே?

அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டு இல்லை. அத்தனை பேர் முன்னாலும். என் இடது பக்கம் வந்து நின்று, சத்தமாகச் சொல்லுங்கள். எனக்குக் காது கேட்காது.