விருந்தாளியாகப் போக மாட்டேன் என்றேன்

எனக்கு எழுபது வயது. நாலு பெற்றேன், நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து ஐந்து வளர்த்தேன். ஊர் கொத்தமங்கலம். கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகன் மகள் வள்ளி எழுதுகிறாள். நாட்டரசன்கோட்டைக் கண்ணாத்தாளைக் கும்பிடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் தப்பையும் மறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மலேசியாவில் ஈப்போவில் கடை வைத்திருந்தார். மூன்று வருசம் அங்கே, ஆறு மாதம் இங்கே. எங்கள் குடித்தனம் முழுக்க அப்படித்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் கப்பல் ஏறியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருசம் சித்திரையில் கடிதம் வந்தது. பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கப்பலில் ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சமையல்காரர்தான் சோறு ஊட்டுகிறாராம். அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

என் தம்பி விசாரித்து வந்தான். எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். "ஆச்சி, ரெண்டு வழி இருக்கு. பார்த்துட்டு வர்ற விசா சீக்கிரம் கிடைக்கும். ஆனா கொஞ்ச நாள்ல திரும்பிறணும். கூடவே தங்கணும்னா, சம்சாரம்னு ருசுக் காட்டிப் பெர்மிட் வாங்கணும். அதுக்கு நாளாகும். மொதல்ல சின்னதுல போயிருங்களேன்."

"அவுகளைப் பார்க்க நான் விருந்தாளியா போகணுமா? போனா பொண்டாட்டியாத்தான் போவேன்" என்றேன்.

என் வீம்பு அது. அன்றைக்கே சரி என்று சொல்லியிருந்தால் ஆடிக்கு முன்னால் அவர் பக்கத்தில் இருந்திருப்பேன்.

கல்யாணத்தன்று இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட இசைகுடிமானத் தாளை எடுத்துக்கொண்டு ஆனி மாதம் மதராசில் இருக்கிற மலேசியா ஆபீசுக்குப் போனோம். தம்பியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா.

"வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

நான் தாளை அவர் பக்கம் தள்ளினேன். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை.

"அந்தப் பேப்பர்லதான் இருக்கே, வாசிச்சுக்கிடுங்க."

"பேப்பர்ல இருக்கறது எனக்கே தெரியுதும்மா. நீங்க சொல்லணும்."

"எங்க வழக்கத்துல சொல்ல மாட்டோம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். ஒரு பெண் புருசன் பேரை வாயால் சொல்லாமல் காப்பாற்றிவிட்டாள் என்று நான் தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். ஆவணியில் கடிதம் வந்தது. உறவு நிரூபணமாகவில்லை, அனுமதி இல்லை.

அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தேன். புரட்டாசி முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டைக்குப் போனேன். சன்னதியில் விழுந்து கும்பிட்டேன். "ஆத்தா, அவுகளைப் பொழைக்க வையின்னு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என் வீம்பால நாளைத் தொலைச்சுட்டேன். என் கையால ஒரு வாய் கஞ்சி. அது மட்டும் குடு" என்றேன். அர்ச்சகர் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். வழக்கமாகத் தம்பிதான் சொல்வான். அன்றைக்கு அவன் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். சொக்கலிங்கம். சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை. தம்பி திரும்பிப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இல்லை. அவள் கேட்டுத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

மறு வாரமே மதராஸ் போய் அதே குமாஸ்தா முன்னால் உட்கார்ந்தேன். அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். மூன்று தரம் சொன்னேன். "போதும்மா" என்றார். அவர் கண்ணும் கலங்கியது. ஐப்பசியில் பெர்மிட் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். வழியெல்லாம் கண்ணாத்தா பேரும் அவர் பேரும்தான் என் வாயில்.

போய்ச் சேர்ந்தபோது அவருக்கு உயிர் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. கஞ்சியை ஆற்றி ஊட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. காதருகே குனிந்து, "ஆபீசுல உங்க பேரைச் சொல்லிட்டேன். கோவிச்சுக்கிடாதீக" என்றேன். அவருடைய முகத்தில் நல்லாயிருந்த பாதி சிரித்தது.

பத்தொன்பது நாள் ஊட்டினேன். மார்கழி பிறந்த மறுநாள் போய்விட்டார்.

இரண்டு வருசம் தங்கலாம் என்று போட்டுக்கொடுத்த முத்திரை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அடுத்த கப்பலில் வந்துவிட்டேன். ஒரு வாய்தான் கேட்டேன், அவள் பத்தொன்பது நாள் கொடுத்தாள். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் அந்த ஆனியையும் ஆடியையும் நினைக்காத நாள் கிடையாது.

இப்போது எங்கள் தெருவில் எந்தப் பெண் விசாவுக்குப் பாரம் நிரப்பினாலும் நான் போய் உட்காருவேன். கிடைக்கிற விசாவில் முதலில் போ, மற்றதை அங்கே போய்ப் பார் என்பேன். பேர் கேட்டால் சத்தமாகச் சொல் என்பேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் வீம்பை வாசலில் விட்டுவிட்டுக் கண்ணாத்தாள் முன்னால் போய் நில்லுங்கள். அவள் கண் திறந்தே இருக்கிறது.

வள்ளி, மொதல்ல இருந்து வாசிச்சுக் காட்டு ஆத்தா. ஐயா பேரு வர்ற எடத்துல மட்டும் நிப்பாட்டு. அதை நான் சொல்லிக்கிடுறேன்.