மைக்கை மூடச் சொன்ன தையல் மாஸ்டர்

முப்பத்தொரு பேர் ஒரு மணி நேரம் சத்தமே போடாமல் நான் பேசுவதைக் கேட்டால், நான் பெரிய வாத்தியார் என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், திண்டிவனத்தில் என் தையல் கடையில் போனைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு இதை மனசார நம்பினேன்.

விழுப்புரத்தில் உள்ள ஒரு பெண்கள் அமைப்பு, பிளவுஸ் தைக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆன்லைன் வகுப்பை என்னிடம் ஒப்படைத்திருந்தது. ரெடிமேட் கடைகள் வந்த பிறகு, பண்டிகை வந்தால்தான் எனக்கு வேலை. இந்த வகுப்பை விட்டால் வேறு வழியில்லை. அமைப்பின் மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“முதல் வாரம் முடியறப்போ பதினஞ்சு பேராவது இருக்கணும் மாஸ்டர். இல்லன்னா நிறுத்திடுவோம்.”

பதினைந்துதானா என்று சிரித்தேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு, வந்த முப்பத்தொரு பேரையும் மைக்கை மூடச் சொல்லிவிட்டு, மெஷினின் பாகங்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். பிறகு ஊசி நம்பர்கள். சந்தேகம் கேட்க நேரமே இல்லை. மறுநாள் நூல் வகைகள், இருபது பேர். புதன்கிழமை துணி வகைகள், ஒன்பது பேர்.

என் மேல் தப்பு இருக்குமா என்ன? நெட்வொர்க் சரியில்லை என்று முடிவு கட்டி, போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். முகம் இருட்டாகத் தெரிகிறதோ என்று விளக்கு வாங்கினேன். நரைதான் காரணமோ என்று தலைக்கு மையும் அடித்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, “மாப்பிள்ள பாக்க வர்றாங்களா?” என்றாள்.

வியாழக்கிழமை காலை ஒரு போன். வானூர் பக்கத்திலிருந்து, வகுப்பில் இருக்கும் ஒரு பெண்.

“தப்பா நெனச்சிக்காதீங்கண்ணா. மூணு நாளா பேப்பரும் கத்திரிக்கோலுமா ஒக்காந்துகினு இருக்கேன். எப்ப வெட்டச் சொல்வீங்க?”

“அடுத்த வாரம்மா. அடிப்படை முடியட்டும்.”

“பக்கத்துல ஒக்காந்து கேட்டுக் கேட்டு எங்க மாமியாரே ஊசி நம்பர் சொல்றாங்கண்ணா. பிளவுஸ்தான் யாருக்கும் வரல.”

“மத்தவங்கல்லாம் ஏம்மா வர்றதில்ல?”

“வந்து என்னா பண்றது? வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டீங்க. நாங்க இருக்கறமா தூங்கறமான்னு ஒங்களுக்கு எப்டித் தெரியும்?”

எனக்குத் தெரிந்திருக்கவில்லைதான். அவர்கள் பேர்கூடத் தெரியாது. அன்று வகுப்பின் வாட்ஸாப் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன்: பழைய பேப்பர், கத்திரிக்கோல், உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு பிளவுஸ். மூன்று மணிக்கு வெட்டுகிறோம்.

பதினோரு பேர் வந்தார்கள். மைக்கைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அளவு கேட்டேன். ஒரு வீட்டில் குக்கர் விசில், ஒரு வீட்டில் ஆடு. பேப்பரை மடித்துக் கழுத்தை வெட்டச் சொன்னதும் ஒரு ஆண் குரல் அலறியது: “ஏய், அது இன்னிக்குப் பேப்பருடி! நான் இன்னும் படிக்கல!”

மடிப்பில் வெட்டினால்தான் விரிக்கும்போது கழுத்து நடுவில் வரும்; விழுப்புரத்துப் பெண் ஒருவர் மடிப்புப் பக்கத்தை விட்டுத் திறந்த பக்கத்தில் வெட்டிவிட்டார். “மாஸ்டர், கழுத்து ரெண்டு பக்கமும் தோளுக்குப் போயிடுச்சு!” என்று பேப்பரைத் தூக்கிக் காட்டினார். எனக்கும் அப்படித்தான் என்று இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். நான் தொழில் பழகின காலத்தில் ஒரு பட்டுத்துணியையே அப்படி வெட்டியவன் என்று ஒப்புக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள். முப்பத்தொரு பேருக்குப் பாடம் நடத்தியும் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

தாங்கள் வெட்டியதைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டார்கள். அதைப் பார்த்து மறுநாள் சிலர் திரும்பி வந்தார்கள். சனிக்கிழமை மேடம் எண்ணியபோது பதினாறு பேர். வகுப்பு நிற்கவில்லை.

இப்போதெல்லாம் முதல் நாள், முதல் பத்து நிமிஷத்திலேயே பேப்பரை வெட்ட வைத்துவிடுகிறேன். ஆனால் அந்த முதல் வாரத்தில் போன பதினைந்து பேர் திரும்ப வரவே இல்லை. ஒரு பிளவுஸ் தைக்க ஆசைப்பட்டு வந்தவர்களை ஊசி நம்பர் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான்தான்.