இரண்டாம் வரிசையில் சுதாராணி

வாயில் மூன்று குண்டூசிகளைக் கடித்துக்கொண்டேதான் சுதாராணி நாடகம் பற்றிப் பேசுவார். அளவு கொடுக்க வந்தவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றபடி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். "அந்தப் பொண்ணு கொழம்ப எறக்கி வெச்சுது, புருசனுக்கு ஊத்துச்சு. ஒரு தடவயாச்சும் உப்புப் பாத்துச்சாங்க? இல்ல. அப்ப அது சமைக்கலீங்க, நடிக்குது." ஓர் ஊசி வாயிலிருந்து இறங்கி என் சட்டையின் விலாப்பக்கம் ஏறும். "தோள எறக்குங்க. ஏன் இப்புடி வெறப்பா நிக்கறீங்க?"

ஏற்காடு பஜாரில் இரண்டு ஆள் ஒதுங்கி நடக்கும் அகலமுள்ள ஒரு சந்தில் அவருடைய தையல் கடை. பள்ளிச் சீருடைகள்தான் பெரும்பாலும். ஜூன் மாதத்தில் நீலப் பாவாடைகளுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரியும். ஐம்பதைத் தொடப்போகிற வயது. கழுத்தில் கிடக்கும் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே பூசைக்குப் போய், ஃபாதரே சிரித்துவிட்ட கதையைத் தானே சொல்லிச் சிரிப்பார். எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்குமுன் தோள் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்க்கிற கண். அந்தக் கண்ணோடுதான் நாடகத்துக்கும் போகிறார்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை நாலு மணிக்கு, சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் மூன்று குறுநாடகங்கள் போடுவார்கள். கணக்கு வாத்தியார் ஜாபெஸ் எழுதுவார். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், லாட்ஜ் மேனேஜர் ஒருவர், இரண்டு நர்சுகள் என்று ஆறேழு பேர் நடிப்பார்கள். ராஜாவும் இல்லை, கொலையும் இல்லை. குப்பனூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இரண்டு பேர் ஒரே குடைக்குள் நின்று பேசிக்கொள்வார்கள். துபாயில் இருக்கும் மகனுக்குப் போனில் படம் அனுப்பத் தெரியாத அப்பா, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடக் கூச்சப்படுவார். தொலைந்த சாவியை வீடு முழுக்கத் தேடும் கணவனும் மனைவியும் வேறு என்னென்னவோ கண்டெடுப்பார்கள். "குக்கரு நாலு விசில் உடற நேரந்தானுங்க ஒவ்வொண்ணும். ஆனா வெந்துருக்கும்" என்பார் சுதாராணி.

இரண்டாம் வரிசையில் இடது ஓர நாற்காலி அவருடையது. முதல் வரிசையில் இடம் இருந்தாலும் போகமாட்டார். முன்னால் உட்கார்ந்தால் மூஞ்சிதான் தெரியும், கை தெரியாது என்பது அவர் காரணம். மனுசன் மூஞ்சியில் பொய் சொல்லலாம், கையில் சொல்ல முடியாதாம்.

ஐந்து வருசத்துக்கு முன்னால் அவர் அந்த ஹாலுக்குப் போனது நாடகம் பார்க்க அல்ல. நீளம் குறைத்த ஒரு பேண்ட்டைக் கொடுத்துவிட்டு வரத்தான் போனார். கதவோரம் நின்றார். மேடையில் ஓர் அம்மாவும் மகளும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. பாதியாக மடிக்க இருவரும் கிட்டே வர வேண்டியிருந்தது. விலகினார்கள், மறுபடி கிட்டே வந்தார்கள். மூன்றாவது மடிப்பில் அம்மாவின் விரல் மகளின் விரலில் பட்டது. அவ்வளவுதான், விளக்கை அணைத்துவிட்டார்கள். கையில் பேண்ட்டோடு நின்ற சுதாராணி, முடிந்ததும் நேராக ஜாபெஸிடம் போய்க் கேட்டாராம். "ஏனுங்க சார், எங்க ஊட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தது யாருங்க?"

அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறவில்லை. ஒரு தடவை ஜன்னல் வழியாக மூடுபனி புகுந்து மேடையே தெரியாமல் போனது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்டு உட்கார்ந்திருந்தார். நடித்த நர்சம்மா ஒருவருக்கு மறுநாள், கோபமாகப் பேசும்போது உங்கள் குரல் மூக்கில் ஏறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கணவர் ஆண்டனி ராஜ் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர் நாடகத்துக்கு வருவதில்லை. வீட்டில் நடப்பதைத்தானே அங்கேயும் நடிக்கிறார்கள், அதைப் போய் எதற்கு உட்கார்ந்து பார்ப்பது என்பது அவர் கட்சி. ஊட்டில் நடக்கும்போது நாம் எங்கே பார்க்கிறோம் என்பது சுதாராணி கட்சி. வழக்கு இன்னும் நடக்கிறது.

இத்தனை கூர்மையான மனுஷி, தன் கடைக்கு நேர் எதிரே பதினான்கு மாதமாக ஒரு பக்கம் மட்டும் பார்க்காமல் இருந்தார். எதிர்க்கடை கௌரியின் டிபன் கடை. இருபது வருசச் சிநேகிதம். கௌரி தன் மகள் கல்யாணத்துக்குத் தனக்கென்று ஒரு பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தார். அது இறுக்கமாகப் போய், முகூர்த்தத்தில் கையைத் தூக்கி அட்சதை போட முடியவில்லை. அந்த எரிச்சலில் யாரிடமோ, சுதாவுக்கு இப்போதெல்லாம் கண்ணு தெரியறதில்ல என்று சொல்லிவிட்டார். அது சந்துக்கு வெளியே போய்ப் பஜாரைச் சுற்றிக்கொண்டு சுதாராணியின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து பேச்சு நின்றது. கண்ணெதிரே பாய்லர் கொதிக்க, இவர் பஸ் நிலையம் வரை நடந்துபோய் டீ குடித்து வந்தார்.

இந்த வருசம் ஜூலையில் ஜாபெஸ் ஒரு புது நாடகம் போட்டார். சேலத்தில் நடக்கவிருந்த குறுநாடக விழாவுக்கு அனுப்ப எழுதியது. துணி காயப்போடும் கொடிக்காகச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள் கடைசியில் அழுது, கட்டிப்பிடித்து, சேர்ந்துவிடுகிறார்கள். ஹால் முழுக்கக் கைதட்டியது. இரண்டாம் வரிசையில் இடது ஓரம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை ஜாபெஸ் கடைக்கு வந்தார். காலர் மாற்ற என்று ஒரு சட்டையைக் கொண்டுவந்தாலும் தீர்ப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். சுதாராணி மிதியை நிறுத்தவில்லை.

"நொம்ப நல்லா இருந்துச்சுங்க சார், கடைசி வரைக்கும். அந்தக் கட்டிப்புடிக்கறதுதான் எனக்குப் புடிக்கல. சண்ட போட்டவங்க யாருங்க அப்புடி ஓடிப்போயிக் கட்டிப்புடிப்பாங்க?"

ஜாபெஸ் நல்ல மனுஷர். கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்ப எப்படிக்கா சேருவாங்க?"

மெஷின் நின்றது. ஊசிக்குக் கீழே பாதித் தையலில் துணி நின்றது. சுதாராணி தலையைத் தூக்கினார். எதிரே கௌரி தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்வையை உடனே கீழே கொண்டுவந்து, தெரியலீங்க சார் என்றார். நூலைக் கடித்து அறுத்தார். அறுக்க வேண்டிய இடம் அது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பத்து நாள் போனது. ஒரு காலை பதினொரு மணிக்கு நான் கௌரி கடையில் பணியாரம் தின்றுகொண்டிருந்தேன். காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கௌரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். சுதாராணி சந்தின் குறுக்கே வந்தார். பதினான்கு மாதமாகக் கடக்காத ஆறடி. வாசலில் நின்று டேப்பின் முனையை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"கரண்ட் இருக்குதா உனக்கு?"

கௌரியின் தலைக்கு மேலேயே பல்பு எரிந்துகொண்டிருந்தது. கௌரி பல்பைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார்.

"இருக்குது. உனக்கு?"

"எனக்கும் இருக்குது."

நான் பணியாரத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டேன். கௌரி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மேசைக்கு அடியில் கிடந்த ஸ்டூலைக் காலால் வெளியே தள்ளினார். சுதாராணி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் டீ அவர் முன்னால் வந்தது.

"சக்கர போடல. நீ உட்டுட்டீன்னு அண்ணன் சொன்னாரு."

பதினான்கு மாதமும் ஆண்டனி ராஜ் தினம் காலையில், இவர் கடை திறப்பதற்குமுன், இங்கேதான் டிபன் சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. அதை அந்த இடத்தில்தான் சுதாராணி தெரிந்துகொண்டார். அன்று சாயங்காலம் ரைட்டருக்கு என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

டீ பாதி இறங்கியதும் சுதாராணி டம்ளரைப் பார்த்துச் சொன்னார். "ஒரு இஞ்சு கம்மியாத்தான் வெச்சுட்டேன் கௌரி."

"நீ வெச்சது சரிதான்னு வெய்யி" என்றார் கௌரி. "அளவு குடுத்ததுக்கப்புறம் ஒரு மாசம், பலகாரம் சுட்டுச் சுட்டு நாந்தான் ருசி பாத்தேன்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வெங்காயம் அரிந்த கண் என்பதால் கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

மறுநாளே சுதாராணி ஜாபெஸிடம் ஒப்பித்துவிட்டார், கரண்டிலிருந்து சர்க்கரை வரை. ஜாபெஸ் விடைத்தாள் கட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு ஓடினார். அவர் போனபிறகுதான் இவருக்கு உறைத்தது. கௌரியைக் கேட்காமல் கௌரியின் கதையைக் கொடுத்தாயிற்று. ஊரே உட்கார்ந்து பார்க்கப் போகிறது. ஒட்டின துணி இன்னொரு தடவை கிழிந்தால் தைக்க இடம் இருக்காது. மூன்று நாள் தைத்ததையே பிரித்துத் தைத்தார். நாலாவது நாள் போய்ச் சொல்லிவிட்டார். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்றும் சொன்னார்.

கௌரி கரண்டியைக் கீழே வைத்து யோசித்தார். பிறகு, "என்னையாட்டம் நடிக்கறது யாரு?" என்று கேட்டார்.

"அந்த ஒல்லி நர்சம்மா."

"அப்பப் போடச் சொல்லு."

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, சேலத்துக்குப் போகும்முன் மாற்றிய நாடகத்தை ஹாலில் போட்டார்கள். சுதாராணி நாலு மணிக்குப் பத்து நிமிசம் முன்பே வந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் கௌரி, தலையில் பூவோடு. வாழ்க்கையில் முதல் நாடகம். தினம் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவுக்கும் சட்னிக்கும் நிற்கிற உடம்பு. ஆற அமர நாற்காலியில் உட்கார்ந்ததே அன்றுதான் இருக்கும். முதல் நாடகத்தில், மேடையில் ஒருவர் சாப்பிட்டாயா என்று இன்னொருவரைக் கேட்டதற்குக் கௌரி, "இன்னும் இல்லீங்க" என்று பதில் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுதாராணிக்கு அதில் பெருமைதான். இரண்டாவது நாடகம் பாதியில் கௌரியின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்து சுதாராணியின் வலது தோளில் நின்றது.

மூன்றாவது அவர்களுடைய நாடகம். விளக்கு வந்தது. ஒல்லி நர்சம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். சுதாராணி எழுப்பக் கையைத் தூக்கினார். கௌரியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பூ ஒன்று காதோரம் இறங்கியிருந்தது. கை பாதி வழியில் நின்று, மெதுவாக மடிக்குத் திரும்பியது.

மேடையில் அந்த இன்னொரு பெண் வந்து நின்று, கரண்ட் இருக்கிறதா என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார். இரண்டாம் வரிசை இடது ஓரத்தில் தூக்கம் கலையவில்லை.

விளக்கு அணைந்து மறுபடி எரிந்தபோது எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஜாபெஸ் மேடையிலிருந்தே அந்த ஓர நாற்காலியைத்தான் தேடினார். சுதாராணி எழவில்லை. வலது தோளைத் துளியும் அசைக்காமல், இடது உள்ளங்கையால் தன் முழங்காலில், சத்தம் வராமல், விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்.