சும்மா வைத்துக்கொண்ட சாவி

சத்தியமாக நடந்தது. என் அக்கா கணவருக்கு நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். பொய் சொன்னால் அத்தானுக்குக் காது சிவந்துவிடும். அக்காவிடம் இதுவரை அவருடைய ஒரு பொய்கூடத் தேறியதில்லை.

அத்தான் பூட்டுக் கடை வைத்திருக்கிறார். டூப்ளிகேட் சாவி போடுவதுதான் பிழைப்பு. வெட்டிய சாவியை அசலோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். அடுத்தவர் வீட்டுச் சாவி ஒன்றுகூடத் தன் கையில் தங்கக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம்.

ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். ஆனால் ஒரே தம்பியோடு பேச்சில்லை. அப்பா இறந்த சேதியைத் தம்பி ஏதோ கோபத்தில் சொல்லாமல் விட்டுவிட்டான். இவர் போய்ச் சேர்ந்தபோது கல்லறையை மூடியாகிவிட்டது. அன்றிலிருந்து தம்பி என்ற பேச்சை எடுத்தாலே பல்லைக் கடிப்பார்.

ஒரு மதியம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடைக்கு ஒருவர் வந்தார். அவருடைய கோட்டு தொப்பலாக நனைந்திருந்தது.

"இதுக்கு இன்னொண்ணு போட்டுத் தாங்க."

சாவி பனிக்கட்டி மாதிரி இருந்தது. பார்த்ததும் அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி வீட்டுச் சாவி. உறவு நன்றாக இருந்த நாளில் அந்தப் பூட்டை மாட்டிக் கொடுத்ததே இவர்தான்.

மெஷின் ஓடியது. பித்தளைத் தூள் மேசையெங்கும் படிந்தது. வந்தவர் மேசைமேல் ஊன்றியிருந்த கையை எடுத்தார். கை இருந்த இடத்திலும் தூள்... சீராக.

"பழசு எனக்கு. புதுசு உங்களுக்கு."

"எனக்கு எதுக்குங்க?"

"சும்மா வச்சுக்கோ. ஒண்ணும் செய்ய வேணாம்."

'தாங்க' என்றவர் எப்போது 'வச்சுக்கோ'வுக்கு மாறினார்? அத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஆள் இல்லை.

சாவியை உடைத்துப் போட்டிருக்கலாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சும்மாதானே.

பாவம் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. அந்தச் 'சும்மாதானே'வை நாமே சொல்லட்டும் என்று வாசலில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும்.

மறுநாள் பையில் சாவி சுட்டது. பிறகு ஒருநாள் தம்பியின் தெருப் பக்கம் நடந்தார். பிறகு வாசல்வரை. பிறகு ஒரு பிற்பகல்... சாவியை நுழைத்தார்.

க்ளிக்.

தம்பி மனைவி வேலைக்குப் போயிருந்தாள். உள்ளறையில் தம்பி காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தான். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அத்தானின் கால்கள் தாமாகச் சமையலறைக்குப் போயின. கை, கேஸ் அடுப்பின் திருகில் இருந்தது.

அந்தக் கை எப்போது அங்கே போனது?

முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி வாடை.

சொட்... சொட்...

"திருகு. அவ்வளவுதான்."

உஸ்ஸ்ஸ்...

"அண்ணா..."

உள்ளறையிலிருந்து. தூக்கக் குரல்.

"அண்ணா, நீதானே? கொஞ்சம் தண்ணி தாண்ணா."

கழுத்தருகே மூச்சு. "அவனுக்கா? அப்பா முகத்தைப் பார்க்க விடாதவனுக்கா?"

"இயேசுவே..."

அத்தான் திருகை மூடினார். தண்ணீர் மொண்டார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பியின் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தார்.

ஈர வாடை... இல்லை.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அடுப்பை, சாவியை, அந்த ஆளை. தம்பி முகம் வெளுத்துப்போனான். தலையணை உறைக்குள் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தான்.

"உன் வீட்டுச் சாவிண்ணா. போன மாசம் ஒரு ஆள் புதுசா வெட்டிக் கொடுத்தான். நனைஞ்ச கோட்டு. சும்மா வச்சுக்கோன்னான். உன்மேல இருந்த ஆத்திரத்துல வச்சுக்கிட்டேன். ஆனா சத்தியமா ஒரு தடவைகூட உன் கதவைத் திறக்கலண்ணா!"

அத்தான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். பூட்டில் நுழையாத புதுச் சாவியின் பற்கள் விரலைக் கீறும்.

இதன் பற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன.