ஒரே பாலம் மூன்று முறை

அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று எங்கள் கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை. ஆளைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் காரில் ஏற்றி, நாள் முழுக்க நகரத்தைச் சுற்றிக் காட்டுவது எங்கள் தொழில். எந்த வண்டி எந்த ஓட்டலுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவன் நான்.

ரேடியோ முதலில் செருப்புக் கடையில் வேலை பார்த்தார். அவருடைய கணவர்தான் எங்களிடம் டிரைவர். வண்டி ஓட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். "இது பாலம்", "இது கோட்டை", அத்தோடு சரி. ஒருநாள் மனைவி, அக்கா வீட்டில் இறக்கிவிடச் சொல்லி முன்சீட்டில் தொற்றிக்கொண்டார். போகிற வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா வீடு வந்தபோது அவர்கள் அவரை இறங்க விடவில்லை. விஷயம் முதலாளி காதுக்குப் போய், வழிகாட்டி வேலையே கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரே வண்டி. அவர் ஓட்டுவார், இவர் பேசுவார். ஒரு திங்கட்கிழமை வரை எந்தக் குறையும் இல்லை.

அன்று காலை டிரைவர் குளியலறையில் ஷேவ் செய்துகொண்டே தங்கையிடம் போனில் பேசியிருக்கிறார். "உங்க அண்ணிக்கு வாய் மட்டும்தான். வழி ஒண்ணும் தெரியாது. இதுல வழிகாட்டின்னு பேட்ஜ் வேற." வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் காதில் அது அட்சரம் பிசகாமல் விழுந்தது. ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது டிரைவருக்கு ஓட்டல் வாசலில்தான் புரிந்தது.

அங்கே ஏறியவர்கள் வயதான தம்பதி. கணவர் பல் டாக்டர். மனைவி அதிகம் பேசாத, ஆனால் எதையும் தவறவிடாத அம்மா.

"சார், மியூசியத்துக்குப் போகணும்னு டிரைவர்கிட்ட சொல்லுங்க" என்றார் ரேடியோ, டிரைவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

"திங்கக்கிழமை மியூசியம் லீவுன்னு மேடத்துகிட்ட சொல்லுங்க சார்" என்றார் டிரைவர்.

"இன்னிக்கு லீவாம்மா" என்றார் டாக்டர்.

"லீவுன்னு எனக்கும் தெரியும். வெளியிலேர்ந்து பாத்தா யாரும் அடிக்க மாட்டாங்கன்னு சொல்லுங்க."

ஓடுகிற வண்டியில் டிரைவரோடு நேராகப் பேசக்கூடாது என்பது இந்த ஊர்ச் சட்டம்போல என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். சட்டத்தை மதிக்கிறவர், இரண்டு பக்கமும் ஒழுங்காகத் தகவல் சேர்த்தார். அவர் மனைவிக்கோ முதல் சிக்னலிலேயே விளங்கிவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆற்றுப் பாலம் வந்தது. அதைத் தாண்டி வலது பக்கம் போனால் கோட்டை, இடது பக்கம் மணிக்கூண்டு. எந்தப் பக்கம் என்று டிரைவர் கேட்கவில்லை, ரேடியோவும் சொல்லவில்லை. வண்டி ரவுண்டானாவைச் சுற்றி மறுபடி பாலத்தில் ஏறியது. அந்தக் கரையிலும் அதே கதை. டாக்டர் மூன்று முறையும் ஆசையாகப் போட்டோ எடுத்தார்.

"உங்க ஊர்ல எத்தனை பாலம்மா" என்று வியந்தார்.

"நிறைய சார்" என்றார் ரேடியோ. வேறென்ன சொல்வார்.

"தம்பி, வண்டியை ஓரங்கட்டுங்க" என்றார் டாக்டர் மனைவி. கணவரை முன்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரேடியோவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காதோடு காதாக முழுக் கதையும் கேட்டார். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், அவர் முகம் மாறிவிட்டது.

"இவர் கிளினிக்கைக் கட்டி மேய்ச்சது நான். போன வாரம் சம்பந்தி என்னைக் கேக்கறார், நீங்க என்ன பண்றீங்கன்னு. இவர் முந்திக்கிட்டு, வீட்ல சும்மாதான் இருக்கான்னார்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அப்ப சொல்லல" என்றவர் குரலை உயர்த்தினார். "தம்பி, கடைத்தெருவுல நிறுத்துங்க. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வர்றோம்."

ஆண்கள் இருவரும் காருக்குள் மாட்டிக்கொண்டார்கள். எதிரே பெரிய கட்டடம் ஒன்று நின்றது.

"அது என்ன?" என்றார் டாக்டர்.

"பழைய கட்டடம் சார்."

"எவ்வளவு பழசு?"

"ரொம்ப பழசு."

"யார் கட்டினது?"

டிரைவர் நன்றாக யோசித்தார். "கொத்தனாருங்கதான் சார்."

பொழுது போகாத டாக்டர், அவரை வாயைத் திறக்கச் சொல்லி போன் வெளிச்சத்தில் பார்த்து, ஒரு கடைவாய்ப் பல் தேறாது என்று சொல்லிவிட்டார்.

"தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போறேன். அவ என்ன சொல்லுவான்னு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன், ஒரு வரி ஞாபகம் வரல" என்று டிரைவர் பிறகு என்னிடம் சொன்னார்.

பெண்கள் கைநிறையப் பைகளோடு திரும்பினார்கள். டாக்டர் பின்சீட்டுக்கு மாறிக்கொண்டார். டிரைவர் இறங்கி மனைவிக்கு முன்கதவைத் திறந்தார். "இதை யார் கட்டினது?"

"டிரைவர் என்ன கேக்கறார் சார்?" என்றார் ரேடியோ.

டாக்டர் வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க" என்றார் அவர் மனைவி.

"தங்கச்சிகிட்ட நான் பேசினது தப்புதான்" என்றார் டிரைவர்.

"எது தப்பு?"

"வாய் மட்டும்தான்னு சொன்னது."

"வழி தெரியாதுன்னு சொன்னது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அது நிஜம்தானே."

ரேடியோ சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "இதைக் கட்டினவர் ஒரு உப்பு வியாபாரி. மூணு பொண்ணுங்க, ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது, அதனாலதான் மூணு வாசல்" என்று ஆரம்பித்தவர் மூச்சு விடவில்லை.

பின்சீட்டில்தான் புயல். "கிளினிக்ல கத்தற பிள்ளைங்களைப் பிடிச்சுக்கிட்டது யாரு?" என்று டாக்டரிடம் விசாரணை நடந்தது. "நீதான்" என்றார் அவர். "அதைச் சம்பந்திகிட்ட சொல்லுங்க." கோட்டை வருவதற்குள் டாக்டர் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சரியாகக் கேட்க வேண்டுமே என்று டிரைவர் ஏசி சத்தத்தைக் குறைத்தார்.

சில நாள் கழித்து டிரைவர் எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருவரிடம் பல்லைப் பிடுங்கப் போனார். ரேடியோவும் கூடவே போனார். காத்திருந்தவர்களுக்கு அந்தத் தெருவின் பூர்வீகத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். உள்ளேயிருந்து அந்த டாக்டர் எட்டிப் பார்த்து, "அடுத்து யாரு?" என்று கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் டிரைவர்தான் எழுந்து போனார்.