சித்திரத்துக்குக் கிடைத்த வீட்டிலக்கம்

ஓவியர் அஸ்ரியாவை ஏழு வயதில், போர்க்காலத்தில், மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து துரத்தினார்கள். போர் முடிந்த பிறகும் அவள் பெயர் எந்த வாக்காளர் இடாப்பிலும் ஏறவில்லை. அவள் தஞ்சம் புகுந்த புத்தளம் கரைத்தீவில் கேட்டால் மன்னாருக்குப் போகச் சொன்னார்கள்; மன்னாரில் கேட்டால் புத்தளத்துக்கு. மனிதரைப் பந்தாக உதைப்பதற்கும் அரசாங்கச் சம்பளம்!

கொழும்புக் கண்காட்சிக்காக, தான் வளர்ந்த அகதிமுகாம் குடிசையை அச்சொட்டாக, தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் கட்டினாள். கிடுகு, கிழிந்த தறப்பாள், மூன்று கல் அடுப்பு, கரிச்சட்டி. இடாப்புக்குப் பெயர் பதிய வந்த புது கிராம அலுவலர், விதானையார் சரீப், அடுப்பைக் கண்டதும் பேனையை எடுத்தார். அடுப்பு தனியென்றால் குடும்பமும் தனி என்பது அவருடைய சட்டம்.

"விதானையார், அது சித்திரம்!"

"சித்திரத்துல சோறாக்குவாங்களா, தங்கச்சி? ஆரு இருக்கிற இதுல?"

அஸ்ரியா ஒரு கணம் யோசித்தாள். பிறகு குனிந்து உள்ளே போய், சட்டிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டாள்.

"நான்தான்."

அவர் அவள் பெயரை இடாப்பில் எழுதிக்கொண்டு, கிடுகில் வீட்டிலக்கத்தை ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் குடிசையை ஏற்றிப்போக லொறி வந்தது. அஸ்ரியா, அண்ணன் வயதுச் சாரதியைக் குடிசை வாசலில் மறித்தாள்.

"தர ஏலா, நானா. இன்னொருக்கா இடம்பெயர என்னால முடியா. வேணுமெண்டா கண்காட்சிய இங்க கொண்டுவரச் சொல்லுங்க."