அறை கொடுத்தாயிற்று என்ற பதில்

2018ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவிலிருந்த மதுராவின் வீட்டுக் கீழறையை வாடகைக்குப் பார்க்க மரியாமா வந்தாள். மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, நோர்வேயின் பேர்கன் நகரில் வளர்ந்தவள். மருந்தியல் படிக்க ஒஸ்லோவுக்கு வந்திருந்தாள். தானும் ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து அகதியாக வந்து அறை தேடி அலைந்த மதுராவின் அம்மா, வாசலில் அந்தக் கறுப்பினப் பெண்ணைக் கண்டதும் மகளின் காதோடு, "அறை குடுத்தாச்சு எண்டு சொல்லு, பிள்ளை" என்றார்.

"பாவமம்மா, தூரத்திலையிருந்து வந்திருக்கிறா."

"நாளைக்கு எங்கடை சனம் என்ன கதைக்கும்? நீ சொல்லு!"

மதுரா அதை நோர்வேஜிய மொழியில் பணிவாகச் சொன்னாள். மரியாமா நன்றி கூறிப் போனாள். அறைக்கான விளம்பரமோ மேலும் இரண்டு வாரம் இணையத்தில் இருந்தது.

ஜனவரியில், மதுராவும் படித்த அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் இருவருக்கும் ஒரே மேசை வாய்த்தது. மரியாமா அடையாளம் கண்டு சிரித்தாள், பழையதைப் பேசவில்லை. அதற்குள் கறுப்பின மாணவர் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தாள். அறை பார்க்கவோ, மதிப்பெண் குறித்து முறையிடவோ எவரும் தனியே போகக்கூடாது என்பதே அதன் முதல் விதி. மறுப்பைக் கேட்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பாள். அவ்விதி எந்த வாசலில் பிறந்ததென்று மதுராவுக்குத் தெரியும். சங்கக் கூட்டங்களுக்கு வடை சுட்டுக் கொண்டுபோனாள். மன்னிப்புக் கேட்க மட்டும் ஐந்து ஆண்டுகளாக நா எழவில்லை.

வடக்கே துரொம்சோவில் வேலை கிடைத்து மரியாமா புறப்பட்ட நாளில், விமான நிலைய ரயிலின் மேடையில் மதுரா தொடங்கினாள்: "அன்றைக்கு அறை இருந்தது, மரியாமா."

"தெரியும்" என்றாள் அவள். பிறகு மதுராவின் கையைப் பற்றிக் கேட்டாள்: "சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி வியாழக்கிழமை லில்லெஸ்ட்ரோமில் அறை பார்க்கப் போகிறாள். நீ அவளோடு போவாயா?"